அவளை நாங்கள் நிறுத்திக்கொண்டோம்

பள்ளிக்கூடத்தில் அவளோடு சேர்ந்து பாஸ்கெட்பால் ஆடியவர்களில் நானும் ஒருத்தி. திருவண்ணாமலையில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடிப் பழைய பேச்சு வந்தால், அந்தக் கேள்வியும் வந்துவிடும். "அவ்ளோ நல்லா ஆடுனாளே, ஒரு கப்பு கூட ஜெயிக்கலையே, ஏன்?" ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். கறி மீன் சாப்பிடாத உடம்பு, கடைசி நேரத்தில் தாங்காது என்பார் ஒருவர். பொழுது சாய்ந்தால் அவள் சாப்பிடமாட்டாள், வெறும் வயிற்றோடு எப்படி ஆடுவது என்பார் இன்னொருவர். அவளுடைய அப்பா வெளியூருக்கு அனுப்பவில்லை என்றும், அவளுக்கு ராசி இல்லை என்றும் சொல்வார்கள். நான் பல வருடங்கள் இவற்றை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தது 1989இல். எங்கள் ஊர் தனி மாவட்டத்துக்குத் தலைநகரான வருடம். அவளுடைய கிராமம் ஆரணி போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. தலைமுறைகளாக நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சமணக் குடும்பம். அங்கே எட்டாவதுக்கு மேல் பள்ளி இல்லாததால், இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது வாசற்படியில் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து வந்திருந்தாலும் இடித்திருக்காது. ஆனால் குனிந்தே பழகியிருந்தாள். அதுவரை வகுப்பில் நான்தான் உயரம். அவளைக் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சிமென்ட் கோர்ட் இருந்தது. ரிங்குகளில் வலை கிடையாது. கிழக்குப் பக்க ரிங் லேசாகச் சாய்ந்திருக்கும். கார்த்திகை தீபத்துக்குப் பந்தோபஸ்து வரும் வெளியூர் போலீஸ்காரர்களை எங்கள் பள்ளியில்தான் தங்கவைப்பார்கள். அந்த நாட்களில் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குக் கயிறு கட்டி காக்கிச் சட்டைகள் காயும். மற்ற நாட்களில் கோர்ட் எங்களுடையது. பி.டி. மிஸ் விதிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பந்தைக் கொடுப்பார். அவருக்குப் பள்ளி முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. மீதி ஆட்டத்தை அவள் தானாகவே கண்டுபிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் ஓரமாக நின்று நாங்கள் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து கேட்டாள். "ஏன் எல்லாரும் ரிங்கையே பாத்து போடறீங்க? பலகையில ஒரு எடம் இருக்குது. அங்க பட்டா தானா உள்ள வுழுது."

"எந்த எடம்?"

காட்டினாள். எங்களுக்கு அங்கே உரிந்த பெயின்ட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் ஒரு கையால் பந்தை எறிந்தாள். சொன்ன இடத்தில் பட்டு உள்ளே விழுந்தது. "கெழக்குப் பக்கத்து ரிங்குக்கு ரெண்டு வெரக்கட தள்ளிப் போடணும். அது கோணலா இருக்குது" என்றாள்.

உயரமாக இருந்ததால் நன்றாக ஆடினாள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவளுடைய பெரிய திறமை பாஸ்தான். அவள் முகம் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், பந்து வேறு பக்கம் வரும். பல தடவை பந்து என் கைக்கு வந்த பிறகுதான், எனக்கு எதிரில் யாரும் இல்லை என்பதே எனக்குத் தெரியவரும். ஆட்டத்தில் அவள் யாரையும் திட்டியதில்லை. நாங்கள் தவறவிட்ட பந்துக்காக ஒரு நொடி கூட நின்று பார்த்ததில்லை. அதற்குள் அந்தப் பந்தைப் பிடிக்கப் போயிருப்பாள்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பொழுது இறங்குவதற்கு முன் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பிராக்டிஸ் உள்ள நாட்களில் அவளுடைய அத்தை ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்துவிடுவார். கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு திரும்பி வருவாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அவள் ஓடியதைப் போல, மூன்று வேளையும் தின்ற நாங்கள் யாரும் ஓடியதில்லை.

மாவட்ட அளவில் ஜெயித்தோம். அவள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை. மாவட்டத்தில் பெண்கள் பாஸ்கெட்பால் ஆடிய பள்ளிகள் மூன்றே மூன்றுதான். பத்தாம் வகுப்பில் முதல் முறையாக மாநிலப் போட்டிக்குப் போய் அரையிறுதியில் தோற்றோம். எங்களைத் தோற்கடித்தது சென்னையிலிருந்த ஒரு விளையாட்டு விடுதியின் அணி. அந்தப் பெண்கள் காலையிலும் மாலையிலும் ஆடுவதற்கென்றே அங்கே தங்கியிருந்தவர்கள். எல்லோருடைய காலிலும் ஒரே மாதிரி ஷூ. எங்களில் இரண்டு பேர் வெறுங்காலோடு ஆடினார்கள்.

பரீட்சை முடிந்து மே மாதத்தில், அந்த அணியின் பயிற்சியாளரம்மா எங்கள் பள்ளிக்கே வந்தார். பதினொன்றாவதுக்கு அவளை விடுதியில் சேர்த்துக்கொள்வதாகவும், தங்குவதும் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னார். கிராமத்திலிருந்து அவளுடைய அப்பாவை வரவழைத்தார்கள். அவர் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீமின் கேப்டன் என்பதால் என்னையும் அந்த அறையில் நிற்கவைத்திருந்தார்கள்.

"எங்களுக்குப் பொழுதோட சாப்புடற பழக்கம்ங்க. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

"அஞ்சரைக்கே தனியா எடுத்துவெக்கச் சொல்லிடறேங்க. முட்டை கூட படாம சமைச்சித் தருவாங்க. ஏற்கெனவே அப்பிடி ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

அவர் தலையாட்டினார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவ இஷ்டம். அவ போறேன்னா அனுப்பிவெக்கறேன்."

அப்பா தடுத்தார் என்று ஊர் சொல்வது பொய். இதை என் காதால் கேட்டேன். அந்த வாரமே அவளுக்குப் பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டார்கள். அத்தை அதன் மூடியில் அவளுடைய பெயரை எழுதவைத்திருந்தார்.

அவளைத் தடுத்தது நான்.

எங்கள் டீமில் இரண்டு பேர் எங்களைவிட ஒரு வகுப்பு மூத்தவர்கள். அடுத்த வருடம் அவர்களுக்குப் பள்ளியில் கடைசி. அவள் போய்விட்டால் நாங்கள் மாவட்டத்தைக்கூடத் தாண்டமாட்டோம் என்று எனக்குத் தெரியும். நான் கேப்டன். மாநிலக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவில் நிற்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்தது. அந்த ஆசையை நட்பு என்று நானே நம்பிவிட்டேன்.

அடி அண்ணாமலையில் என் பெரியம்மா வீடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அங்கே கூட்டிப்போனேன். திரும்பும்போது கிரிவலப் பாதையில் நடந்து வந்தோம். பௌர்ணமி இல்லாத நாள். சாலையில் ஒரு மாட்டுவண்டியைத் தவிர யாரும் இல்லை.

"நீ போயிட்டா நாங்க இன்னாடி பண்றது?" என்றேன்.

"வேற யாராவது வருவாங்க."

"யாரு வருவா? அக்காங்க ரெண்டு பேருக்கும் இதான் கடைசி வருசம். நீ இருந்தா கண்டிப்பா ஃபைனலு. ஒரே ஒரு வருசம் இருந்துட்டுப் போடி. நீ எப்ப போனாலும் அவங்க உன்ன சேத்துக்குவாங்க."

நான் அழுதேன். பாதி நிஜமான அழுகை. மீதிப் பாதி, அழுதால் அவள் இரங்குவாள் என்று தெரிந்து அழுதது. ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன். வீடு வந்து சேர்ந்தபோது, "சரி, இந்த வருசம் இருக்கறேன்" என்றாள். மறுநாள் பி.டி. மிஸ்ஸிடம் போய், அடுத்த வருடம் வருவதாகச் சென்னைக்கு எழுதச் சொன்னாள். மிஸ் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அவள் காரணமே சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. பச்சைப் பெட்டியை அத்தை பரணில் ஏற்றிவிட்டார்.

அந்த வருடம் நாங்கள் உண்மையாகவே மாநில இறுதி ஆட்டம் வரை போனோம். ஆட்டம் திருச்சியில். எதிரில் அதே விடுதி அணி. போன வருடம் அவளைக் கூப்பிட்ட பயிற்சியாளரம்மாவே எதிர்ப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவளை எப்படி நிறுத்துவது என்பதை அவர் யோசித்துவைத்திருந்தார். அவள் கைக்குப் பந்து வந்தவுடன் மூன்று பெண்கள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அப்படியும் கைகளுக்கு நடுவிலிருந்து எம்பிப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முக்கால்வாசி நேரம் பந்தை எங்களுக்குத்தான் கொடுத்தாள். நாங்கள் வெட்டவெளியில் நின்றிருந்தோம். அவள் கொடுத்த பந்துகள் சரியாக மார்புக்கு நேரே வந்தன. நான் போட்ட முதல் பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டாவது பந்து பலகையில்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது.

இடைவேளையில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு எங்கள் நான்கு பேரையும் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட மூணு பேரு நிக்கறாங்க. அப்ப உங்ககிட்ட யாரும் இல்ல. பயப்படாதீங்க. போடுங்க."

இரண்டாம் பாதியில் நான் போடவில்லை. இதுதான் நான் ஒளித்துவைத்திருந்த விஷயம். போட்டுத் தவறியிருந்தால்கூடப் பரவாயில்லை. பந்து வந்ததும் ரிங்கைப் பார்ப்பேன், கை நடுங்கும், பந்தைத் திரும்ப அவளிடமே எறிந்துவிடுவேன். மூன்று பேருக்கு நடுவில் நிற்பவளிடம். அவர்கள் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் பின்னாலேயே துரத்துவாள். அப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்து அதையே செய்தார்கள். நான்கு புள்ளியில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது அந்தப் பயிற்சியாளரம்மா அவள் தோளைத் தொட்டார். "நீ மட்டும் வந்திருந்தா இன்னிக்கு..." என்று ஆரம்பித்து, பக்கத்தில் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள், "வர முடியலைங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வருடம் சென்னையிலிருந்து அழைப்பு வரவில்லை. மிஸ் எழுதிய கடிதத்துக்கு, அந்த வருடம் இடம் நிரம்பிவிட்டதாகப் பதில் வந்தது. மூத்தவர்கள் இரண்டு பேரும் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள், ஒருத்திக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் மாவட்டத்திலேயே தோற்றோம். பிறகு அவள் வேலூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அங்கேயும் ஒரு தடவை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றதாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. கடிதம் எழுதவும் இல்லை. அப்பா ஆசைப்பட்ட டாக்டர் படிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி, தேர்வெழுதிக் கல்வித் துறையில் எழுத்தர் வேலைக்கு வந்தேன்.

பத்து வருடங்களுக்கு மேல் கழித்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு எனக்கு மாற்றல் வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு கோப்பைக் கொடுக்க வருவாய்ப் பிரிவுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தபோதே பக்கத்தில் நின்றவருடைய தோள் வரை இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.

அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் நானும், "எப்பிடி இருக்கீங்க?" என்றுதான் கேட்டேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னாள். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாராம். கோப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கு உன்ன சென்னைக்குப் போவ விடாம பண்ணது நான்தான். போயிருந்தா நீ எங்கியோ இருந்திருப்ப. அது எனக்கு மனசுல இருந்துகிட்டே இருக்குது. மன்னிச்சிடு."

அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"ஆமா, நீ சொல்லித்தான் நின்னேன்" என்றாள். "ஆனா அதுக்கு நான் உன் மேல கோவப்படல. நீ கேட்ட, நான் சரின்னேன். பதினாறு வயசுல எனக்கும் உங்களயெல்லாம் வுட்டுப் போவ பயமாத்தான் இருந்துது."

எனக்கு நெஞ்சு லேசானது. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அன்னிக்கு ரோட்ல நடந்து வரும்போது உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் நின்னா, தெனம் காலையில ஆறு மணிக்கு எல்லாரும் பிராக்டிசுக்கு வருவீங்களான்னு கேட்டேன். நீ அழுதுகிட்டே, சாமி சத்தியமா வர்றேன்னு சொன்ன." டப்பாவை மூடினாள். "ஜூன் மாசம் வந்த. ஜூலையில கணக்கு டியூசன்னு நின்னுட்ட. நீ நின்னதும் மத்தவங்களும் நின்னுட்டாங்க. வருசம் பூரா காலையில அந்த கோர்ட்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நானே பந்தப் போட்டு நானே பொறுக்கினு இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பதினொன்றாவதில் கணக்கு, அறிவியல் பிரிவு எடுத்திருந்தேன். டாக்டராக்க வேண்டும் என்று அப்பா காலையிலேயே டியூஷனில் சேர்த்துவிட்டார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து தலையைக் காட்டினால் போதும், அவள்தான் இருக்கிறாளே என்று இருந்துவிட்டேன். திருச்சியில் என் கை நடுங்கியதற்குக் காரணம் பயம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான். ஆனால் தினமும் காலையில் நூறு தடவை போட்டுப் பழகிய கைக்கு அந்தப் பயம் வந்திருக்காது.

"அது மட்டும் எனக்கு ரொம்ப நாளா வலிச்சுது" என்றாள். "தோத்தது கூட இல்ல."

நான் மறுபடி மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் கேட்டதே, சொல்வதற்குப் பெரியதாகவும் தாங்குவதற்கு வசதியாகவும் இருந்த ஒரு தப்புக்கு என்று புரிந்தது. இந்தச் சின்னத் தப்பை நான் மறந்தே போயிருந்தேன். மணியாகிவிட்டது என்று எழுந்து அவரவர் பிரிவுக்குப் போனோம்.

ஒரு வாரம் கழித்து அவளே என் மேசைக்கு வந்தாள். அரசு ஊழியர்களுக்கான விளையாட்டுப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து பெண்கள் பாஸ்கெட்பால் அணி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள், ஐந்தாவது ஆள் இல்லை என்றாள்.

"என்னால ஓட முடியாதுடி. ரெண்டு புள்ள பெத்துட்டேன்."

"ஓட வேணாம். நின்னுகினு இரு. காலையில ஆறு மணி. ஸ்டேடியத்துல." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள்கூட நான் தவறவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லிவிட்டுப் போனேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் வீங்கியது. தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த நாளும் போனேன். அவள் எனக்கு எதையும் சொல்லவில்லை. நான் போடப் போட, பந்தைப் பொறுக்கி என் கைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

போட்டி விழுப்புரத்தில். முதல் ஆட்டத்தில் எங்களைப் போலவே மூச்சிரைக்கும் ஆசிரியைகள் அணியை ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் காவல்துறைப் பெண்களோடு. எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். அவர்களும் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு ஆட்களை அவள் மேல் விட்டார்கள். பந்து என்னிடம் வந்தது. போட்டேன். விழவில்லை. அடுத்ததும் என்னிடமே வந்தது. அதையும் போட்டேன், விழுந்தது. ஆட்டம் முடியும்வரை அவள் கொடுத்த ஒரு பந்தையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். அவள் ஆடிய கடைசி ஆட்டம் அது. அடுத்த மாதம் செய்யாறுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டாள். போவதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, என் பிள்ளைகளுக்கு ஒரு பந்து கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனாள். இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசிக்கொள்கிறோம். குழந்தைகளைப் பற்றி, சம்பளக் கமிஷனைப் பற்றி. ஆட்டத்தைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.